முதுமைக்கு ஊன்றுகோல்

புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடிய புலவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்குகின்றோம். இஃது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அன்று. பூண் இட்ட தலையையுடைய பெரிய ஊன்றுகோலை அவர் தம் பாட்டில் குறித்தார். அத்தொடரே அவருக்குப் பெயராக அமைந்துவிட்டது. இளமையில் மருத மரத்தின் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க ஆழ்ந்த நீரில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டியவர் அவர். முதுமையில் கோலூன்றி, நடுநடுவே இருமி, சில சொற்களே பேசும் நிலையினர் ஆனார். இவ்விரு நிலைகளையும் அவர் தம் பாட்டில் ஒருங்கு வைத்து இரங்குகின்றார். பண்டைப் புலவர் ஒருவரின் அவ்விரக்கம் இன்றும் நம் உள்ளத்தைத் தொடுகின்றது. முதுமை எல்லார்க்கும் பொது என்பதே அதற்குக் காரணம்.

அப்புலவர் கையில் இருந்த கோல் ஒரு மரத்துண்டே. ஆயினும் அதுவும் ஒரு கருவி. தளர்ந்த இரு கால்களுக்குத் துணையாக அது மூன்றாவது காலாய் நின்றது. பின்வந்த அறிஞர்கள் மங்கிய கண்ணுக்கு மூக்குக்கண்ணாடியையும், மந்தமான செவிக்குக் காதொலிக் கருவியையும் ஆக்கித் தந்தனர். இவையும் ஊன்றுகோல்களே. நம் காலத்தில் வேறொரு வகை ஊன்றுகோல் தோன்றியிருக்கின்றது. அஃது உடலின் நிலையைத் தானே உணர்கின்றது; உணர்ந்ததைக் கணித்துப் பார்க்கின்றது; வேண்டும்போது தொலைவில் உள்ளவர்க்குச் செய்தி விடுக்கின்றது. இத்தகையவற்றைத் திறன் கருவிகள் என்கின்றோம். இவை முதியோர்க்கு எவ்வாறு உதவுகின்றன? எவ்விடத்தில் இவற்றின் உதவி நின்றுவிடுகின்றது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பெருகிவரும் முதியோர்

நம் நாட்டில் முதியோர் தொகை ஆண்டுதோறும் வளர்ந்து வருகின்றது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பேர் என்பது இதன் பொருள். தமிழ்நாட்டில் அவ்விகிதம் நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேலாக இருந்தது. 2021-இல் அது 13.6 ஆகவும், 2031-இல் 18.2 ஆகவும் உயரும் என வல்லுநர் குழு ஒன்று மதிப்பிட்டது. கொள்ளைநோய்கள் குறைந்தமையும், மருத்துவம் வளர்ந்தமையும், குழந்தைப்பேறு குறைந்தமையும் இதற்குக் காரணங்கள். மக்கள் நெடுநாள் வாழ்வது நாட்டுக்குப் பெருமை தருவதே. ஆனால் நெடுநாள் வாழ்வோரை நன்கு வாழச் செய்யாவிடின் அப்பெருமையால் பயன் யாது?

முற்காலத்தில் கூட்டுக்குடும்பமே முதியோர்க்குக் காவலாக விளங்கியது. திண்ணையில் பாட்டனார் அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றிப் பேரக் குழந்தைகள் விளையாடுவர். அவர் ஒருமுறை இருமினாலும் உள்ளிருந்து ஒருவர் நீர் கொண்டு வருவார். இன்று பிள்ளைகள் தொழில் தேடி நெடுந்தொலைவு செல்கின்றனர். வீடு இருக்கின்றது, திண்ணை இருக்கின்றது, இருமலைக் கேட்கும் செவிதான் இல்லை.

மலையும் மூதாட்டியும்

இந்நிலையை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்று, 2019 நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி. கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி அது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. கோமுகி ஆறு அம்மலையிலே பிறந்து கீழிறங்கி வருகின்றது. மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்களும், அவற்றைச் சூழ்ந்து பல சிற்றூர்களும் உள்ளன. அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். தமிழே அவர்தம் மொழி. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு உழைத்து வாழும் மக்கள் அவர்கள்.

அம்மலைச் சிற்றூர் ஒன்றில் தனித்து வாழும் ஒரு மூதாட்டியை நம் மனக்கண்முன் நிறுத்துவோம். மகன் குடும்பத்துடன் தொலைநகரில் கூலிவேலை செய்கின்றான். மூதாட்டிக்கு இரத்த அழுத்த நோயும் உண்டு. முழங்கால் வலியும் உண்டு. மருத்துவரைக் காண வேண்டுமாயின் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பேருந்துச் சாலையை அடைதல் வேண்டும். மாத்திரை தீர்ந்தால், 'அடுத்த சந்தைநாளில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் விட்டுவிடுவார். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் நோவு காட்டாத நோய்; மருந்தை விட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருநாள் அது பக்கவாதமாகவோ நெஞ்சடைப்பாகவோ வெளிப்படும்.

மற்றோர் அச்சமும் உண்டு. நள்ளிரவில் எழுந்து வெளியே செல்லும்போது அவர் கால் இடறி விழுந்தால் என் செய்வது? உலகில் ஆண்டுதோறும் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கின்றனர் எனவும், உயிர் போக்கும் வீழ்ச்சிகள் 60 வயது கடந்தோரிடையே மிகுதி எனவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. விழுந்த அடியினும், விழுந்தபின் எழ இயலாமல் நெடுநேரம் தரையிலே கிடப்பது சிலபோது பெருந்தீங்கு தரும். உடலில் நீர் வற்றும், குளிர் தாக்கும், நசுங்கிய தசைகளிலிருந்து வெளிப்படும் பொருள்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அம்மூதாட்டிக்கு வேண்டுவது அரிய அறுவை மருத்துவம் அன்று. அவர் விழுந்தார் என்பதை ஒருவர் அறிதல் வேண்டும். அறிந்தவர் விரைந்து வருதல் வேண்டும். அறிதலும் வருதலுமாகிய இவ்விரண்டையும் நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

அறியும் கருவிகள்

முதலாவதாகிய அறிதலில் அறிவியல் வியத்தகு வெற்றி கண்டுள்ளது. இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். மேற்கையில் காற்றுப்பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் முறையை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி வெளியிட்டார். பட்டையின் இறுக்கம் தளரும்போது எழும் நாடியொலியைக் கேட்டு அளக்கும் வழியை 1905-இல் உருசிய மருத்துவர் கொரட்காவ் கண்டறிந்தார். அவ்வொலியைக் கேட்டறியப் பயிற்சி பெற்ற செவி வேண்டும். இன்றைய மின்னணுக் கருவியோ பட்டையுள் எழும் நுண்ணிய அதிர்வுகளைத் தானே அளந்து, எண்களாகக் காட்டிவிடுகின்றது. பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் எவரும் அதனைக் கையாளலாம். முன்னர் மருத்துவமனையில் மட்டும் இருந்த திறமை இவ்வாறு குடிசை வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

விரல் நுனியில் பொருத்தும் சிறு கருவி ஒன்று இரத்தத்தில் உள்ள உயிர்வளியின் அளவைச் சொல்கின்றது. உயிர்வளி ஏற்ற குருதியும், ஏற்காத குருதியும் செவ்வொளியையும் அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் ஈர்க்கும். அவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி கணக்கிடுகின்றது. 1970-களின் தொடக்கத்தில் இம்முறையைக் கண்டவர் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. 2020-ஆம் ஆண்டில் பரவிய பெருந்தொற்றின்போது இக்கருவி பல இல்லங்களில் இடம்பெற்றதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வீழ்ச்சியை அறியும் கருவி இன்னும் நுட்பமானது. அதனைக் கைக்கடிகாரம்போல அணியலாம்; கழுத்திலும் தொங்கவிடலாம். அதனுள் முடுக்கத்தை அளக்கும் உணரி உள்ளது. ஒருவர் விழும்போது முதலில் எடையற்றதுபோன்ற ஒரு கணம் தோன்றும். தரையில் மோதும்போது அளவு திடீரென உயரும். பின்னர் அசைவின்மை நிலவும். இம்மூன்றும் அடுத்தடுத்து நிகழ்ந்தால், 'இவர் விழுந்தார்' எனக் கருவி கருதும். உடனே அதிர்ந்து, அணிந்தவரை வினவும். குறித்த நேரத்துள் விடை வாராவிடின், முன்னரே பதிந்துவைத்த எண்களுக்குச் செய்தி விடுக்கும். இதிலும் குறைகள் உண்டு. கையை ஓங்கித் தட்டினாலும் சிலபோது அது வீணே கூவும். சுவரைப் பற்றியவாறு மெல்லச் சரிந்து அமர்ந்துவிட்டால் அது அறியாமலும் போகும்.

முதியோர் மிகுந்த நாடாகிய சப்பானில் 2001-ஆம் ஆண்டு ஒரு புதுமை தோன்றியது. சோசிருசி என்னும் நிறுவனம் வெந்நீர்க் கலம் ஒன்றைச் செய்தது. தனித்து வாழும் முதியவர் தேநீருக்காக அக்கலத்தில் நீர் எடுத்தால், அச்செய்தி தொலைவில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ சென்று சேரும். 'காலையில் அம்மா தேநீர் அருந்தினார்' என்பதை மகள் அறிந்து மனம் அமைதியுறுவாள். வழக்கமான வேளையில் செய்தி வாராவிடின், உடனே தொலைபேசியில் அழைப்பாள். அல்லது அண்டை வீட்டாரை அனுப்புவாள். முதியவர் எதனையும் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. எதனையும் உடலில் அணிய வேண்டுவதுமில்லை. அவர் நாள்தோறும் செய்யும் செயலே செய்தியாகிவிடுகின்றது. முதியோர்க்குரிய கருவி எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வருகின்ற மனிதர்

இனி, இரண்டாவதாகிய வருதலைப் பார்ப்போம். கருவி அறிவிக்கும், ஆனால் அது வந்து தூக்கிவிடாது. அதற்கு மனிதர் வேண்டும். தமிழ்நாட்டில் இவ்வுண்மையை உணர்ந்து அமைந்த திட்டம் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்பதாகும். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் அது தொடங்கப்பெற்றது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்வர். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளப்பர். நோயாளிக்குரிய மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பர். இயன்முறை மருத்துவமும், படுத்த படுக்கையானோர்க்கு நோய் ஆதரவுச் சேவையும் இத்திட்டத்தில் அடங்கும். இத்திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைப் பணிக்குழு, தொற்றா நோய்த் தடுப்புக்கான விருதை வழங்கியது.

இதில் திறன் கருவி எங்கே உள்ளது? தன்னார்வலர் கையில் உள்ளது. அளவீடுகள் மின்னணுப் பதிவேட்டில் ஏறினால், யாருக்கு மருந்து போயிற்று, யாருக்குப் போகவில்லை என்பது மருத்துவ நிலையத்தில் இருப்போர்க்குத் தெரியும். நம் மூதாட்டி போன்றோர் 'சந்தைநாளில் பார்த்துக்கொள்ளலாம்' என மருந்தை விட்டுவிடும் நிலையை இஃது ஒழிக்கின்றது. அதனோடு, வாயிலில் ஒருவர் வந்து நின்று, 'பாட்டி, எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிட்டீர்களா?' என்று கேட்கும் கேள்வியும் சேர்ந்து வருகின்றது. அக்கேள்வியைப் பதிவேட்டில் எழுத இடம் இல்லை. எனினும் மருந்தினும் அது சிறியதன்று.

தொலைமருத்துவமும் இவ்வகையினதே. 'இ-சஞ்சீவனி' என்னும் தேசியச் சேவையின் வாயிலாகத் தொலைவில் உள்ள மருத்துவரை நோயாளி திரையில் கண்டு பேசலாம். சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் இருக்கும் பணியாளர் நடுவே நின்று உதவினால், திறன்பேசியைத் தொட்டறியாத முதியவரும் பயன்பெறுவார். தேனிப் பகுதியில் 2004-ஆம் ஆண்டுமுதல் அரவிந்த் கண் மருத்துவமனை கம்பியில்லா இணைப்பின் வழியே சிற்றூர்க் கண்பரிசோதனை நிலையங்களைத் தன்னோடு இணைத்தது. நிலையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தொலைவில் உள்ள மருத்துவர் நோயாளியோடு பேசி, மேற்கொண்டு செய்ய வேண்டுவதைச் சொல்வார். கண்புரையால் பார்வை மங்கிய முதியோர் காரணமின்றி நெடுவழி அலையாமலும், அறுவை வேண்டுவோர் காலம் தாழ்த்தாமலும் இருக்க இது வழி செய்தது.

பெருநோய் வந்தக்கால் பெருமருத்துவமனை வேண்டும். 2022 சனவரி 12-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் உள்ளது. முதியோர் மருத்துவம் என்பதும் இன்று தனித் துறையாகும். 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கி வளர்த்தவர் மருத்துவர் வி. எஸ். நடராசன். 2012-இல் அவருக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பெற்றது. 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை சென்னைக் கிண்டியில் 2024 பிப்பிரவரியில் திறக்கப்பெற்றது. நோயாளியை ஏற்றிச் செல்லும் 108 ஊர்தி தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுமுதல் இயங்குகின்றது. துன்புறும் முதியோர் உதவி கேட்பதற்கென 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. இவை அனைத்தும் வருதலுக்கு உரிய ஏற்பாடுகள்.

கருவி தோற்கும் இடங்கள்

நன்மையை மட்டும் கூறி முடித்தல் நேர்மை ஆகாது. கருவி தோற்கும் இடங்களையும் நாம் அறிதல் வேண்டும்.

முதலாவது, மலை. அலைபேசி அலைகளை மலைமுகடுகள் மறைக்கும். பள்ளங்களில் அவை எட்டாத இடங்கள் உண்டு. அத்தகைய இடத்தில் விலையுயர்ந்த கடிகாரம் வீழ்ச்சியை அறிந்தும் யாருக்கும் சொல்ல இயலாது ஊமையாய் இருக்கும். அங்கே எளிய கம்பியில்லா மணி சிறந்தது. மூதாட்டியின் கட்டிலருகே ஒரு பொத்தானும், பக்கத்து வீட்டில் ஒரு மணியும் வைத்துவிட்டால் போதும். அலைபேசிக் கோபுரம் வேண்டுவதில்லை. இடத்தை அறிந்து அமைப்பதே கருவியின் திறன். விலை மிகுந்தது என்பதனாலேயே ஒன்று திறன் மிகுந்தது ஆகிவிடாது.

இரண்டாவது, விரல். நெடுநாள் உழைத்த கையில் விரல்ரேகை தேய்ந்துபோகும். நியாயவிலைக் கடையில் விரலை வைத்துப் பொருள் வாங்க வருகின்ற முதியவரை, 'இவர் அவர் அல்லர்' எனக் கருவி மறுக்கும். வாழ்நாள் முழுதும் மண்ணைக் கொத்திய கை, அவ்வுழைப்பின் காரணமாகவே அரிசி பெற இயலாமல் நிற்பது எத்துணைக் கொடுமை! இக்குறையை நீக்கக் கண்ணின் கருவிழியைக் கொண்டு அடையாளம் காணும் முறை கடைகளில் புகுத்தப்பெற்றது. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொருமுறை தாம் வாழ்வதை மெய்ப்பிக்க, முகத்தைக் கொண்டு அறியும் முறை 2021 நவம்பரில் வந்தது. 2025 ஆகஸ்டு 12-ஆம் நாள் தமிழ்நாட்டில் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியபோது, 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாயவிலைப் பொருள்களை இல்லத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என முடிவாயிற்று. முதியவரைக் கருவியிடம் நடக்கவைப்பதை விட்டு, கருவியை முதியவரிடம் கொண்டுசெல்லும் மாற்றம் இது.

மூன்றாவது, சற்று ஆழ்ந்து எண்ணத்தக்கது. தமிழ்நாட்டில் 1962-ஆம் ஆண்டு முதியோர் உதவித்தொகை தொடங்கியது. முன்னாளில் அத்தொகை அஞ்சல் பணவிடையாக வந்தது. அஞ்சற்காரர் மாதந்தோறும் வாயிலில் வந்து அழைப்பார். பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பார். இரண்டு சொல் பேசுவார். பின்னர்த் தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்தது. கணக்கு ஒழுங்காயிற்று என்பது மெய்யே. ஆனால் மாதம் ஒருமுறை கதவைத் தட்டிய ஒரு கை நின்றுபோயிற்று. ஒரு புதுமை நம் கைக்கு வரும்போது, அது எந்த மனிதரின் வருகையை நிறுத்துகின்றது, எந்த மனிதரை வரச் செய்கின்றது என்று நாம் வினவுதல் வேண்டும். மாத்திரையோடு தன்னார்வலரை அனுப்பும் திட்டம் சிறப்பதும், செய்தியைக் கண்டு மகளை அழைக்கச் செய்யும் வெந்நீர்க் கலம் சிறப்பதும் இவ்வளவுகோலினாலேயே.

நான்காவது, மானம். முதியவர் உறங்கும் அறையிலும் படம்பிடிக்கும் கருவியை வைத்து, அவர் அசைவு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருப்பது காவல் அன்று, சிறையே. அவர் இசைவைக் கேளாமல் எதனையும் பொருத்துதல் தகாது. மேலும், திறன்பேசி வழியே முதியோரை ஏமாற்றிப் பணம் பறிப்போர் இக்காலத்தில் உளர். 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று கூறிக் கடவு எண்ணைக் கேட்பவரை நம்பலாகாது என முதியோர்க்கு நாம் பொறுமையுடன் எடுத்துச் சொல்லல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கவை

மாணவர்களே! இத்துறையில் நீங்கள் செய்யத்தக்கவை பல உள்ளன. அவற்றுள் பலவற்றுக்குப் பணமே வேண்டுவதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவருடைய அலைபேசியில் எழுத்துகளைப் பெரிதாக்குங்கள். 108, 14567 ஆகிய எண்களையும், பிள்ளைகளின் எண்களையும் பெரிய அட்டையில் எழுதிக் கட்டிலருகே தொங்கவிடுங்கள். இரத்த அழுத்த அளவை நாளும் நேரமும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். மருத்துவர்க்கு அக்குறிப்பேடு பெருந்துணையாகும். மாத்திரைகளைக் காலை, பகல், இரவு எனப் பிரித்து வைக்க உதவுங்கள்.

வீழ்ந்தபின் அறியும் கருவியினும், வீழாமற் காக்கும் விளக்கு மேலானது. படுக்கையிலிருந்து கழிப்பிடம் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வழியில் கிடக்கும் சாக்கையும் வாளியையும் அகற்றுங்கள். வழுக்கும் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். கழிப்பறைச் சுவரில் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி அமைக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். தொழில்நுட்பம் என்பது மின்சுற்றுகளில் மட்டும் இல்லை. சுவரில் சரியான உயரத்தில் அறைந்த ஒரு கைப்பிடியிலும் உண்டு.

ஒன்றைக் கற்பிக்கும்போது விரைவு கூடாது. 'எத்தனை முறை சொல்வது?' என்று சினந்து பேசாதீர்கள். நீங்கள் நடை பயின்றபோது அவர்கள் எத்தனை முறை உங்களைக் கைப்பிடித்து எழுப்பினர் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் செவிலியராகவும் தன்னார்வலராகவும் பணியாற்றுவீர்கள். அப்போது கல்வராயன் மலைச் சிற்றூரில் தனித்திருக்கும் அம்மூதாட்டியை நினைவில் கொண்டு கருவிகளைச் செய்யுங்கள். அவருடைய மங்கிய கண்ணுக்குத் தெரியும் எழுத்தும், மந்தச் செவிக்குக் கேட்கும் ஒலியும், தேய்ந்த விரலை மறுக்காத அறிவும், அலை எட்டாத பள்ளத்திலும் பேசும் ஆற்றலும் அக்கருவிக்கு இருக்கட்டும்.

தொடித்தலை விழுத்தண்டினார் தம் கோலை ஊன்றி நின்றார். அக்கோல் அவரைத் தாங்கியது. ஆனால் அவர் இரக்கத்தைக் கேட்கும் செவி அதற்கு இல்லை. இன்றைய கோலுக்குச் செவியும் வாயும் வந்துவிட்டன. அது கேட்கின்றது, நம்மை அழைக்கவும் செய்கின்றது. அவ்வழைப்பைக் கேட்டு எழுந்து செல்வது நம் கடமை.

பயிற்சி

1. தொடித்தலை விழுத்தண்டினார் அப்பெயர் பெற்ற காரணம் யாது?
2. வீழ்ச்சியை அறியும் கருவி செயற்படும் முறையை விளக்குக. அதன் குறைகள் யாவை?
3. சப்பானிய வெந்நீர்க் கலத்துக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கும் உள்ள ஒற்றுமையைக் கூறுக.
4. மலைப்பகுதியில் விலையுயர்ந்த கருவியினும் எளிய மணி சிறப்பது எவ்வாறு?
5. உதவித்தொகை வங்கி வழியே வந்ததால் விளைந்த நன்மையும் இழப்பும் பற்றி உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.
6. உம் தெருவில் தனித்து வாழும் முதியவர் ஒருவரைக் கண்டு உரையாடி, அவருக்கு மிகவும் வேண்டிய உதவி யாது என்பதைக் கட்டுரையாக வரைக.